கொல்லையில் முளைத்தது கோப்ரா லில்லியா? டெல்டாவில் அரிசீமா

கேள்வி: ஜூன் 14, கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

கொடைக்கானல் போனபோது சாலையோரம் பாம்பு படமெடுத்த மாதிரி ஒரு பூ பார்த்தோம். கிழங்கு ஒன்று எடுத்து வந்து கொல்லையில் வைத்தேன். முளைக்கவே இல்லை. இந்தக் கோடை மழைக்குப் பிறகு அதே இடத்துக்குப் பக்கத்தில் மூன்று பிரிவாக இலை வந்திருக்கிறது. தரையோடு தரையாகக் கருஊதா நிறத்தில் ஒரு மடல், பூவைச் சுற்றிய உறை மாதிரி. நெட்டில் அரிசீமா (அதுதான் கோப்ரா லில்லி) என்று போட்டால் கிட்டத்தட்ட இதே படம்தான் வருகிறது. டெல்டாவிலும் அரிசீமா வளரும் என்பதற்கு என் கொல்லையே சாட்சி. யாராவது மறுக்க முடியுமா?

ஜூன் 14, இரவு

மறுக்கிறேன். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது டைபோனியம் ட்ரைலோபேட்டம். திருவையாற்றில் எங்கள் வீட்டுக் கிணற்றடியிலும் வாய்க்கால் கரை மூங்கில் புதரடியிலும் கோடை மழை விழுந்ததும் எட்டிப் பார்ப்பது இதுதான். நீங்கள் வைத்த கிழங்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சேனை, சேம்பு, அரிசீமா, டைபோனியம் எல்லாம் ஒரே குடும்பம், அதனால்தான் சாயல்.

இலையைப் பாருங்கள். மூன்றாகப் பிளந்திருக்கிறது, ஆனால் மூன்றும் அடியில் ஒட்டியே இருக்கின்றன. அரிசீமாவில் சிற்றிலைகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். அப்புறம் காம்பு. உங்கள் செடியில் ஒவ்வொரு இலைக்காம்பும் மண்ணுக்குள்ளிருந்து தனியாக வருகிறது. அரிசீமாவில் இலையடிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு ஒரு பொய்த்தண்டாக நிற்கும், பூவும் அந்தத் தண்டின் நடுவிலிருந்துதான் மேலே வரும். தரையோடு உட்கார்ந்திருக்காது.

சாயங்காலம் குனிந்து மோந்து பாருங்கள். சாணி நாற்றம் அடித்தால் பேச்சே வேண்டாம்.

ஜூன் 15

“மோந்து பார்த்தேன், சாணிதான், வீட்டில் என்னைத் திட்டுகிறார்கள்” என்று பதில் வந்திருக்கிறது. வீட்டில் இருப்பவர்களையும் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்லுங்கள், சந்தேகம் எல்லோருக்கும் ஒரே நாளில் தீரும். சாணத்தைத் தேடி வரும் பூச்சிகளை இழுக்கத்தான் அந்த நாற்றம்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஒரு பூவை மட்டும் தியாகம் செய்யலாம். பழைய பிளேடால் மடலின் அடிக்குழலை நெடுக்காகக் கீறித் திறந்தால் நடுத்தண்டு முழுசாகத் தெரியும். கீழே பச்சையாகப் பொடிப்பொடிக் குமிழ்கள் நெருக்கி உட்கார்ந்திருக்கும், அவை பெண் பூக்கள். அதற்கு மேல் சுருண்ட நூல்கள் ஒரு கொத்து, இவை மலட்டுப் பூக்கள். பிறகு ஒன்றுமில்லாத வெற்றுத் தண்டு கொஞ்சம். அதற்கு மேலே ஆண் பூக்களின் வளையம். அதன் மேல் நீண்டு நிற்கும் சிவந்த வால். நூல்கொத்தும் வெற்றுத் தண்டும் வரிசையாக இருந்தால் அது டைபோனியம்தான். அரிசீமாவைத் திறந்தால் பெரும்பாலும் ஆண் மட்டும் அல்லது பெண் மட்டும் இருக்கும், இந்த அடுக்கு இருக்காது.

கீறிய கையோடு கண்ணைத் தொடாதீர்கள்.

ஜூன் 17

மன்னார்குடி நண்பர் ஒரு படம் போட்டு “அப்போ இது நிச்சயம் அரிசீமா, காம்பில் பாம்புப் புள்ளி இருக்கிறதே” என்கிறார். தம்பி, அது சேனைக் கன்று. புள்ளிக்காம்பை வைத்து முடிவு கட்டாதீர்கள். சேனைக்கும் புள்ளி உண்டு, சில அரிசீமாக்களுக்கும் உண்டு. விரலால் தடவிப் பாருங்கள். நம் ஊர்ச் சேனையின் காம்பு சொரசொரவென்று முள் பொடித்த மாதிரி இருக்கும், அரிசீமா வழவழப்பு. சேனை இலை மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் மறுபடி மறுபடி பிரிந்து, நடுக்காம்பு நெடுக இறக்கை வைத்திருக்கும். அரிசீமா அப்படித் திரும்பத் திரும்பப் பிரியாது.

இன்னொரு வித்தியாசம் பருவத்தில் இருக்கிறது. சேனை சித்திரை வைகாசியில் இலையே இல்லாமல் பூவை மட்டும் தள்ளும். பூ வாடிய பிறகுதான் இலை. அரிசீமாவில் பூவும் இலையும் ஒரே தண்டில் சேர்ந்தே வரும். பூத்த சேனையின் நடுத்தண்டு நாற்றம் வீசும் நேரத்தில் சூடாகும், வாய்ப்புக் கிடைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கை வைத்துப் பாருங்கள்.

ஜூன் 18

சரி, கொடைக்கானலில் பார்த்தது என்ன என்று கும்பகோணம் வாசகர் கேட்டிருந்தார். கொடைக்கானல் இருக்கும் பழனி மலையில் பல அரிசீமாக்கள் இருக்கின்றன. சாலையோரத்தில் கண்ணில் படக்கூடிய இரண்டை மட்டும் சொல்கிறேன்.

அரிசீமா லெஷெனால்ட்டீ: ஒரு காம்பின் உச்சியிலிருந்து சிற்றிலைகள் வட்டமாக நாலாபக்கமும் விரியும், நுனிகள் வால் மாதிரி நீளும். மடலில் வெள்ளையும் பச்சையும் அல்லது வெள்ளையும் ஊதாவும் கோடுகோடாக ஓடும். நடுத்தண்டு நேராக நிற்கும், பெரும்பகுதி குழலுக்குள் மறைந்திருக்கும். மலையில் உயரத்தில் இருக்கும் சோலைக்காட்டுச் செடி.

அரிசீமா டார்ச்சுவோசம்: சிற்றிலைகள் வட்டமாக விரியாது, விரித்த கோழிக்காலாகப் பக்கவாட்டில் வரிசை கட்டும். மடல் பெரும்பாலும் வெறும் பச்சை. அடையாளம் நடுத்தண்டின் வால்தான். மடலுக்கு வெளியே நீண்டு, வளைந்து, மறுபடி மேல்நோக்கித் திரும்பிச் சாட்டை நுனியாக முடியும். இந்த வாலைப் பார்த்துவிட்டால் வேறொன்றோடு குழம்ப மாட்டீர்கள். இமயமலையிலும் இருக்கிறது, தெற்கே நம் மலைகளிலும் இருக்கிறது. இரண்டில் இதுதான் கொஞ்சம் தாழ்ந்த, வெப்பமான இடத்தையும் தாங்குவது.

லெஷெனால்ட் என்ற பெயர் நமக்கு அந்நியமில்லை. லெஷெனால்ட் த லா தூர் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1816இல் புதுச்சேரிக்கு வந்து, அங்கே தாவரத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர். நீலகிரிவரை போய்ச் செடி சேகரித்தார்.

உலர்செடிகளை நேரில் பார்த்துப் பழக நினைப்பவர்களுக்கு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. பழனி மலைத் தாவரங்களுக்காக அருட்தந்தை கே.எம். மேத்யூ உழைத்த உழைப்பு அங்கே இருக்கிறது. டெல்டாவின் தலைமாட்டிலேயே இப்படி ஓர் இடம் இருப்பது பலருக்குத் தெரியவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஜூன் 18, கொஞ்ச நேரம் கழித்து

ஆண் மட்டும் அல்லது பெண் மட்டும் என்று ஜூன் 15இல் எழுதியதைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். அது பிறவிக் குணம் இல்லை. கிழங்கு சின்னதாக இருக்கும் வருஷங்களில் செடி ஆண் பூ விடும். கிழங்கில் சத்துச் சேர்ந்து பெருத்த பிறகு அதே செடி பெண் பூ விடும். காய்த்துக் களைத்துக் கிழங்கு இளைத்தால் அடுத்த வருஷம் மறுபடி ஆணாகவும் மாறும். டார்ச்சுவோசத்தில் பெரிய செடிகள் ஒரே தண்டில் கீழே பெண்ணும் மேலே ஆணுமாக இரண்டையும் வைத்திருப்பதும் உண்டு.

மகரந்தம் கொண்டுபோவது பூஞ்சைக் கொசுக்கள், ஈரமான மக்குகளில் பறக்கும் பொடிப்பூச்சிகள். பல அரிசீமாக்களில் ஆண் பூவின் மடல் அடியில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும், உள்ளே வழுக்கி விழுந்த பூச்சி மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அதன் வழியாக வெளியேறும். பெண் பூவில் அந்த வழி கிடையாது. பூச்சி உள்ளேயே சுற்றிச் சுற்றி, கொண்டுவந்த மகரந்தத்தைச் சூல்முடிகளில் தேய்த்துவிட்டுச் செத்துப்போகும். இதை முதலில் படித்தபோது இரவு தூக்கம் வரவில்லை எனக்கு.

ஜூன் 23

“அப்படியானால் என் கிழங்கு ஏன் முளைக்கவில்லை, வெயிலா?” என்று கேட்கிறார். வெயில் ஒரு பாதி. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். நம் ஊர் நூறு மீட்டர்கூடக் கிடையாது. பகல் வெயிலை நிழலால் சமாளிக்கலாம், ராத்திரி வெக்கையை என்ன செய்வது? ஜூன் மாத இரவில் இங்கே மலை மாதிரிக் குளிர்வதே இல்லை. மலைச்செடிக்கு இரவுக் குளிர்ச்சியில்தான் மூச்சு.

மறு பாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. தீபகற்பத்து அரிசீமாக்களில் பல, கோடை மழையிலோ தென்மேற்குப் பருவமழையின் தொடக்கத்திலோ முளைத்துப் பூத்து, மழைக்காலம் முழுக்க இலையை வைத்துக் கிழங்கைப் பெருக்கி, மழை விட்டதும் உறங்கப் போகிறவை. டெல்டாவின் கணக்கு நேர்மாறு. ஆனி ஆடியில் நமக்கு வானத்திலிருந்து வருவது காற்றும் தூற்றலும்தான். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் வரும், நிலத்தடி நீர் மேலே ஏறும். உண்மையான மழை ஐப்பசி கார்த்திகையில். கிழங்கு உறங்க வேண்டிய மாதத்தில் அதன் தலைமேல் மொத்த மழையும் கொட்டும். நம் களிமண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிழங்கு அழுகாமல் என்ன செய்யும்?

பழனி மலையிலும் வடகிழக்கு மழை பலமாகத்தானே பெய்கிறது என்று பட்டுக்கோட்டை அக்கா கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அங்கே சரிவு இருக்கிறது அக்கா. இலைமக்கு நிறைந்த மண்ணில் தண்ணீர் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும், குளிரும் இருக்கிறது. நம் கொல்லையில் தண்ணீர் போவதற்கு இடமே கிடையாது, அதற்குள் வெதுவெதுப்பு வேறு.

ஜூலை 2

ஆசையை விட முடியாதவர்களுக்காக எழுதுகிறேன். டார்ச்சுவோசம் ஒன்றுதான் முயன்று பார்க்கத் தகுந்தது. லெஷெனால்ட்டீயை இங்கே கொண்டுவந்து கொல்ல வேண்டாம். காப்புக்காட்டில் தோண்டுவது சட்டப்படி குற்றம், அதையும் சொல்லிவிடுகிறேன். என் செடிகள் விதையிலிருந்து வந்தவை. தாண்டிக்குடியில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் சித்தப்பா, வேலியோரத்தில் பழுத்த ஒரு கதிரிலிருந்து சிவப்புப் பழங்களை உதிர்த்துக் கொடுத்தார்.

பழத்தைக் கையுறை போட்டுக்கொண்டு தண்ணீரில் பிசைந்து சதையை முழுக்கக் கழுவ வேண்டும். சதை ஒட்டியிருந்தால் முளைப்பு தடைபடும். வெறும் கையால் பிசைந்தால் ஊசி குத்துகிற மாதிரி நமைச்சல். கழுவிய விதையை உடனே போட்டால் சில வாரங்களில் முளைக்கும். முதல் வருஷம் இதய வடிவில் ஒற்றை இலைதான். அதனால் ஜூன் 14இல் சொன்ன இலை அடையாளம் வளர்ந்த செடிக்கு மட்டும் பொருந்தும். விதைக் கன்றைப் பார்த்து சேம்பு என்று பிடுங்கிப் போடாதீர்கள். பூ பார்க்க மூன்று நாலு வருஷம் பொறுக்க வேண்டும்.

தொட்டி கட்டாயம் மண் தொட்டி, ஆழமானது. பக்கச்சுவர் வழியாக நீர் கசிந்து ஆவியாகும்போது உள்ளே கொஞ்சம் குளிர்ச்சி கிடைக்கும். பிளாஸ்டிக்கில் கிழங்கு வேகும். ஆழம் ஏன் என்றால், அரிசீமாவுக்கு வேர் கிழங்கின் அடியிலிருந்து வராது, மேலே முளைக்குருத்தைச் சுற்றித்தான் வரும். அந்த வேர்கள் ஓடுவதற்கு கிழங்கின் தலைக்கு மேல் ஒரு சாண் கிட்ட மண் வேண்டும். சேனை நடுகிற பழக்கத்தில் மேலாக நட்டுவிட்டால் செடி சாய்ந்துகொண்டே இருக்கும்.

மண் கலவையில் வயல்மண் ஒரு பிடிகூட வேண்டாம். வல்லம் பக்கத்துச் செம்மண் கொஞ்சம், பெருமணல், உடைத்த ஓட்டுச் சில்லு, நன்றாக மக்கிய பூவரசு இலை. வடக்குத் தாழ்வாரம் நல்ல இடம். வாழையடி வேண்டாம், அது எப்போதும் சொதசொதவென்று இருக்கும். சப்போட்டா நிழல் தேவலை.

ஜூலை 3

தேங்காய் நார்க்கழிவு போடலாமா என்று ஐந்தாறு பேர் கேட்டுவிட்டீர்கள். வேண்டாம், ஐப்பசியில் அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். ரைஸ்மில்லில் கருக்கின உமி கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். வெள்ளைச் சாம்பலாக எரிந்தது வேண்டாம், கருப்பாக உருக்குலையாமல் இருப்பதுதான் மண்ணை இளக்கமாக வைக்கும். டெல்டாவில் இதற்கா பஞ்சம்?

ஜூலை 20

ஒருவர் “கிழங்குதானே, புளி போட்டு வேகவைத்தால் தின்னலாமே” என்று எழுதியதைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொன்னாலும் இதை அப்படியே விட முடியாது. இந்தக் குடும்பத்துச் செடிகளின் சதைக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்களாக இருக்கிறது. கடித்தால் நாக்கிலும் தொண்டையிலும் குத்தி வீங்கவைக்கும். சேனைக்கு நம் வீடுகளில் கையில் எண்ணெய் தடவுவது, புளித்தண்ணீரில் வேகவைப்பது எல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தின்று பழகிய ஒரு பயிருக்கான பக்குவம். அடையாளம் தெரியாத காட்டுக்கிழங்குக்கு அதை நம்பி அடுப்பு மூட்டாதீர்கள். குழந்தை கடித்துவிட்டால் வாயைத் துடைத்துக் கொப்பளிக்கவைத்து, குளிர்ந்த பால் கொடுக்கலாம். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டால் வேறொன்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சிவப்புப் பழக்கதிர் குழந்தைகளை இழுக்கும், அதனால் தொட்டியைத் திண்ணையில் வைக்காதீர்கள்.

ஆகஸ்ட் 9

என் தொட்டிகளின் நிலவரம். தாழ்வாரத்தில் இருப்பதில் ஒரு பூ வந்தது. ஆண் பூ. மலையில் இடுப்பளவு நிற்கும் செடி இங்கே முழங்காலைத் தாண்டவில்லை. இருந்தாலும் அந்த வால் வளைந்து எழுந்து நின்ற காலையில் தெருவில் போனவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “பாம்பு வராம இருக்க வச்சியா, வர வச்சியாடா?” என்றார். இரண்டுக்கும் இல்லை பெரியம்மா, இது வந்ததே எனக்குப் போதும் என்றேன்.

ஆடிக்காற்றில் இலை விளிம்பு கருகுகிறது. நிழல் இருந்தும் காற்று காய்ச்சுகிறது. தொட்டியைச் சுற்றி ஈர மணல் தட்டு வைத்து, மேற்குப் பக்கம் கீற்றுத்தட்டி கட்டிய பிறகு தேவலை. ஜூலை 2இல் எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நமக்கு வெயிலுக்கு மறைப்பு போதாது, காற்றுக்கும் வேண்டும்.

ஆன்லைனில் “கோப்ரா லில்லி கிழங்கு” வாங்கியவருக்கு சேம்பு வந்திருக்கிறது என்று படம் பார்த்தேன். அந்த ஆங்கிலப் பெயரில் அமெரிக்கப் பூச்சியுண்ணிச் செடி டார்லிங்டோனியாவும் விற்கிறது. அறிவியல் பெயரும் பூத்த செடியின் படமும் தராத விற்பனையாளரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

அக்டோபர் 28

மழை பிடித்துவிட்டது. தொட்டிகளைக் கூரைக்குள் ஏற்றியாகிவிட்டது. இலை மஞ்சளாகி மடிந்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டேன். ஒரே வயசுக் கிழங்கு ஒன்றை வேண்டுமென்றே வெளியில் மழையில் விட்டிருக்கிறேன், முடிவைத் தையில் சொல்கிறேன்.

இதைவிட நல்ல செய்தி ஒன்று. நேற்று மழை விட்ட நேரத்தில் குடமுருட்டி ஆற்றுப் பக்கம் வரப்பில் புல்லுக்குள் இதே குடும்பத்துச் செடியான தெரியோபோனம் மைன்யூட்டம் பார்த்தேன். விரல் நீளம்தான் முழுச் செடியும். ஈட்டிமுனை இலைகள் நாலைந்து, நடுவில் மண்ணைத் தொட்டுக்கொண்டு ஊதா மடல். முட்டி போட்டு உட்கார்ந்து புல்லை விலக்கினால்தான் தெரியும். மடலின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடக் கருத்து, கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. களைக்கொல்லி அடித்த பக்கத்து வரப்பில் ஒன்றுகூட இல்லை.

அரிசீமாவைத் தேடி மலையேறுகிறவர்கள் இதைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எந்தத் தொட்டியும் நிழல் வலையும் கேட்காமல் நம் மழையோடேயே எழுந்து நம் வெயிலோடேயே உறங்குகிற செடி. ஜூன் 14இல் கேள்வி கேட்ட நண்பர் தன் டைபோனியத்தைப் பிடுங்கிவிடவில்லை என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காகவே இவ்வளவும் எழுதியது தகும்.

அக்டோபர் 30

ஆகாயத்தாமரையும் இதே குடும்பமா என்று கேட்டவருக்கு: ஆமாம், பிஸ்டியா. குளத்தில் ஒன்றைப் பிடித்து இலைக்கு நடுவில் பாருங்கள், ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள வெளிறிய மடல் இருக்கும். வசம்பையும் முன்பு இங்கேதான் வைத்திருந்தார்கள், பிறகு தனிக் குடும்பமாகப் பிரித்துவிட்டார்கள்.

ஜனவரி 19

வெளியில் விட்ட கிழங்கைத் தோண்டினேன். தோல் மட்டும் இருந்தது, உள்ளே கூழ். கூரைக்குள் இருந்தவை கெட்டியாக இருக்கின்றன. பூத்த கிழங்கின் பக்கத்தில் இரண்டு குட்டிக் கிழங்குகளும் ஒட்டியிருந்தன. டெல்டாவில் அரிசீமாவைக் கொல்வது வெயிலைவிட ஐப்பசி ஈரம்தான் என்று ஜூன் 23இல் எழுதியதை இப்போது இன்னும் அழுத்தியே சொல்வேன்.

கிழங்குகளைக் கழுவவில்லை. மண்ணை உதறிவிட்டு உலர்ந்த மணலில் புதைத்து, சமையலறைக்குப் பின்னால் இருட்டான மூலையில் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். சுருங்கியிருந்தால் மணலில் கையளவு தண்ணீர் தெளிக்கலாம், மெத்தென்று இருந்தால் அந்த இடத்தை வெட்டி எடுத்து உமிக்கரித் தூள் தடவலாம். சித்திரையில் குருத்து மொட்டு வெள்ளையாகத் தெரியும், அதற்கு முன் தொட்டிக்கு மாற்ற வேண்டாம்.

குட்டிக் கிழங்கு கேட்டு எழுதியவர்களில், தாழ்வாரமும் பொறுமையும் இருப்பதாகச் சொன்ன இரண்டு பேருக்குப் பங்குனியில் தருகிறேன். தஞ்சாவூர் பக்கம் வரும்போது நேரில் வாங்கிக்கொள்ளுங்கள், கூரியரில் இது நசுங்கும்.